வெள்ளைமுடிக்காரன்

பழைய வெள்ளைமுடி நாயகனைத் தூக்கிவிட்டு ஒரு வாள்சண்டை வீடியோ கேமை முதலிலிருந்து புதிதாக எடுத்தபோது, புதிய நாயகனுக்கு, அதை வடிவமைத்த நிலோஃபர் தன் நடையையே கொடுத்திருந்தாள். சின்ன வயதிலேயே இடக்கால் சூம்பிப்போனவள் அவள். கேம் வெளியான அன்று, கேம் ஆடிக் காட்டிப் பேர் வாங்கிய தினகர் தன் நேரலையில், "வாத்து நடக்குது மக்களே, நம்ம வெள்ளமுடி அண்ணன் எங்க?" என்றான். அவனுடைய ரசிகர்கள் வாத்துப் படங்களாக அனுப்பிக் குவித்தார்கள். நடையை நேராக்கு, பழையவனைத் திரும்பக் கொண்டுவா என்றது நிர்வாகம். நிலோஃபர் இரண்டையும் செய்தாள். அப்டேட் வந்த மாலை தினகரின் நேரலையைத் திறந்துவைத்தாள். நிமிர்ந்து நடந்த நாயகனின் எதிரே, எதிரியாக வந்து நின்றான் வெள்ளைமுடிக்காரன். "அண்ணன் வந்துட்டாரு" என்று தினகர் கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்குமுன் வாள் நாயகனின் இடது முழங்காலில் இறங்கியது. "என்னண்ணே, நான் உங்க ஆளுண்ணே." மறுபடி தொடங்கிப் பார்த்தான், மறுபடியும் முழங்கால்தான். ஆட்டம் முடியும்வரை ஆறாத காயம் அது. கடைசியில் நாயகன் நொண்டிக்கொண்டே கோட்டைப் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தான். ஏற முயன்று விழுந்தான். எழுந்து மறுபடி விழுந்தான். "எந்தக் கால முதல்ல வைக்கிறதுன்னு யாருக்காவது தெரியுமா மக்களே?" என்று தினகர் கேட்டான். நிலோஃபர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.