தனிப் பந்தி

சின்ன மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தாள் சலோமா. அதைப் பார்த்ததும் வாசலில் நின்ற மகன் ஏனோஸுக்கு முகம் செத்துப்போனது.

“அம்மா, நான் தனியாத்தான் வந்திருக்கேன். அவ என்னை விட்டுட்டுப் போயி மூணு வருஷமாச்சு. ஒரு தட்டை எடுத்துரு.”

“இருக்கட்டும்,” என்றாள் சலோமா. மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டையும் எடுக்கவில்லை.

சமையலறை நடுவில் பெரிய மேசை. அக்கா வெர்னாவும் அவள் புருஷனும் மூன்று பிள்ளைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் இருந்த நாற்காலி காலி. ஏனோஸ் இந்த வீட்டில் இருந்தவரை அது அப்பா ஆமோஸின் இடம். ஜன்னலோரமாகத் தள்ளிப் போட்டிருந்த சின்ன மேசையும் பெஞ்சும்தான் ஏனோஸுக்கு. இது அவன் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்துவிட்டால் மட்டும் வலிக்காமல் இருக்குமா என்ன?

காரும் கரண்டும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவச் சபையில் ஞானஸ்நானம் எடுத்து, எல்லார் முன்னாலும் முழங்காலிட்டு வாக்குக் கொடுத்தவன் அவன். அடுத்த வருஷமே ஒரு வெளிப் பெண்ணோடு காரில் ஏறிப் போய்விட்டான். சபை சும்மா விடுமா? விலக்கு போட்டார்கள். விலக்கப்பட்டவனோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. பெற்ற தாயானாலும் சட்டம் அதேதான்.

வாங்கி வந்த காப்பித்தூள் டப்பாவை அம்மாவிடம் நீட்டினான். சலோமாவின் கை தன்னை மறந்து பாதி தூரம் வந்துவிட்டுப் பின்னால் போனது.

“அந்த முக்காலி மேல வெச்சுடுப்பா.”

வைத்துவிட்டு அவன் நகர்ந்த பிறகுதான் எடுத்தாள்.

“அப்பாவுக்கு எப்படிக்கா இருக்கு?” என்று வெர்னாவிடம் கேட்டான்.

“நெஞ்சு ரொம்பப் பலவீனமாயிருச்சு. இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் எழுதினேன். ஊர் ஊரா லாரி ஓட்டிட்டுத் திரியற மகாராஜா, உன் விலாசத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு.”

“அவரா வரச் சொன்னாரு?”

“அவரு எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்காரு?”

ஏனோஸ் தனக்குள் கறுவிக்கொண்டான். ஏன், அன்றைக்கு ஒன்றைச் சொன்னாரே! விலக்கு போடுகிற நாளில் மூப்பர்கள் ஒவ்வொருவரிடமாக வந்து “சம்மதமா?” என்று கேட்பார்கள். ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் “சம்மதம்” என்பார்கள். பெற்ற பிள்ளையை ஒதுக்கி வைக்க அந்த மனுஷனும்தானே சம்மதம் சொல்லியிருப்பார்? பதினோரு வருஷமாக அந்த ஒரு வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை. எப்படி மனசு வந்தது என்று, அவர் கண்ணை மூடுவதற்குள் நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தான்.

பின்கதவு திறந்தது. முட்டைக் கூடையோடு ஆமோஸ் உள்ளே வந்தார். ஓங்குதாங்கான உடம்பு பாதியாக வற்றியிருந்தது. தாடி முழுக்க வெள்ளை. மகனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“வந்துட்டியா,” என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

பிறகு முட்டைக் கூடையை முக்காலி மேல் வைத்துவிட்டு ஒதுங்கினார். சலோமா வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள்.

அடப்பாவி மனுஷா, பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்கிறாள், கையில் கொடுத்தால் குறைந்தா போவாய்? நான் வந்த கோபத்தை அம்மா மேல் காட்டுகிறார் என்று பல்லைக் கடித்தான் ஏனோஸ். வீம்பு மட்டும் கொஞ்சமும் வற்றவில்லை.

“சாப்பாடு ஆறிப்போகுது,” என்றாள் சலோமா. கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் இரண்டு மேசைக்கும் வந்தன. அவளும் பெரிய மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஏனோஸ் ஜன்னலோரம் போய்ப் பெஞ்சின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தான்.

ஆமோஸ் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க ஏனோஸால் அடக்க முடியவில்லை.

“அப்பா! ஒண்ணே ஒண்ணு கேட்கணும். என்னை விலக்கி வைக்கச் சம்மதமான்னு கேட்டப்போ, பதில் சொல்ல உங்களுக்கு நாக்கு கூசலையா?”

வெர்னாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. “வாயை மூடுடா! உனக்கு என்ன தெரியும்னு பேசற?” என்று எழுந்தே விட்டாள். சலோமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் மிரண்டு போய்ப் பார்த்தன.

“கேட்கட்டும் வெர்னா,” என்றார் ஆமோஸ். “கேட்க வேண்டியவன்தான்.”

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். பெரிய மேசையின் காலி நாற்காலியைத் தொடாமலே தாண்டினார். என்ன செய்யப் போகிறாரோ என்று ஏனோஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் ஜன்னலோரம் வந்து, சின்ன மேசையின் இரண்டாவது தட்டுக்கு எதிரில் நின்றார்.

“கொஞ்சம் தள்ளி உக்காருடா. ‘சம்மதம்’னு சொல்ல மாட்டேன்னுட்டேன் பாரு, அன்னிலேருந்து எனக்கும் இங்கதான் பந்தி.”