கழுத்துக்கு மேலே

"கழுத்துக்கு மேல வெட்டிடும்மா. தோளைத் தொடக்கூடாது."

சொன்னது மாமியார். நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது மருமகள். அவளுடைய பின்னல் இடுப்பையும் தாண்டித் தொங்கியது.

பார்லர் அக்காவுக்குச் சீப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. தெருவில் எல்லாருக்கும் அவள் பார்லர் அக்காதான். எத்தனையோ தலைகளைப் பார்த்தவள். இப்படி ஒரு முடியைப் பார்த்து நாளாயிற்று.

"இவ்வளவையுமா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிக்க என்ன கிடக்கு? வீடு பூரா முடி. தட்டுல முடி. தண்ணி போற ஓட்டையில முடி. கூட்டிக் கூட்டி என் முதுகு ஒடியுது."

வாசலோரம் சோபாவில் இருந்த மகன் எழுந்து வந்தான்.

"விட்டுடும்மா. அவளுக்கு அழகே அந்த முடிதான். அதைப் பாத்துத்தானே நான் கட்டிக்கிட்டேன்?"

"கூட்டுறது நீயா? பேசாம போய் உக்காரு."

போய் உட்கார்ந்தான். அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை என்பது அவன் நடையிலேயே தெரிந்தது.

"நீ என்னம்மா சொல்றே?" அக்கா மருமகளிடம் கேட்டாள்.

மருமகள் கண்ணாடியில் கணவனை ஒருமுறை பார்த்தாள்.

"அத்தை சொல்றபடியே பண்ணிடுங்க" என்றாள், வாய்க்குள்ளேயே.

அக்கா சீப்பை டக்கென்று மேஜையில் வைத்தாள். அவளும் ஒரு மாமியாரிடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவள்தான்.

நல்லவேளையாக, மாமியாருக்கும் தலைக்குச் சாயம் பூச வேண்டியிருந்தது. சாயம் பூசும் உதவிப் பெண்ணோடு உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்தியதும் அக்கா மருமகளின் காதருகே குனிந்தாள்.

"பயப்படாதே. நான் இருக்கேன்."

"அக்கா, அது வந்து..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியாதா?"

மகன் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்து கட்டைவிரலை உயர்த்தினான்.

பிறகு நடந்தது கைவேலை. பின்னலைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, முடியை நாலு பாகமாகப் பிரித்தாள். நுனியை மட்டும் நறுக்கித் தரையில் தாராளமாகப் பரப்பினாள். காதோரம் மெல்லிய கற்றையாக இரண்டை வெட்டிக் கன்னத்தில் விட்டாள். மீதியை உள்பக்கமாகச் சுருட்டி, கழுத்துக்கு மேலே செருகி, கொண்டை ஊசிகளால் இறுக்கினாள். இடையிடையே உள்ளறைக்குக் கேட்கும்படி கத்திரியால் வெறும் காற்றையும் வெட்டினாள்.

முடித்துப் பார்த்தால் அசல் குட்டை முடி!

மருமகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

'பாவம், சந்தோஷம் தாங்கலை' என்று நினைத்து அக்கா ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"ரொம்ப நன்றிக்கா. உங்களுக்கு நல்ல மனசு" என்று கிசுகிசுத்தான் மகன். "கார் ரெண்டு தெரு தள்ளி நிக்குது. எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் படியிறங்கவும், மாமியார் தலையில் துண்டோடு வெளியே வரவும் சரியாக இருந்தது.

நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கழுத்துப் பக்கம் விரலை விட்டாள். ஊசிகளை உருவினாள்.

மொத்த முடியும் சரிந்து இடுப்பில் விழுந்தது.

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஆமா, நான்தான் வெட்டலை. என்ன இப்போ? ஆசையா வளர்த்த முடியை, கூட்டக் கஷ்டமா இருக்குன்னு வெட்டச் சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா? உங்க பொண்ணா இருந்தா சொல்வீங்களா? உங்க பிள்ளைக்கு இருக்கிற இரக்கம்கூட உங்களுக்கு இல்லையேம்மா!"

மாமியார் கத்தவில்லை. மருமகளைத்தான் பார்த்தாள்.

"நீ சொல்லலையாடி?"

"எப்படி அத்தை சொல்றது? அவர் எதிர்லயே உக்காந்திருந்தாரே."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னத்தைச் சொல்றது?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முடியை வெட்டணும்னு கேட்டதே நான்தாங்க்கா. காலையில குளிச்சா சாயங்காலம் வரைக்கும் காயாது. ஈரத் தலையோட வேலைக்கு ஓடி ஓடி, எந்நேரமும் தலைவலி. கழுத்தைத் திருப்ப முடியலை. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அவர்கிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன். வெட்டிட்டு வந்தா மூஞ்சியிலயே முழிக்காதேங்கறார்."

அக்கா மெல்ல மாமியார் பக்கம் திரும்பினாள். சற்று முன் கட்டிய கைகளை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்போ, நீங்க கூட்டுறது, முதுகு..."

"எங்க வீட்டுல நான் துடைப்பத்தைத் தொட்டே வருஷக்கணக்காச்சு" என்றாள் மாமியார். "இவளே வெட்டிக்கிட்டா, என் பிள்ளை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். நான் வெட்ட வெச்சேன்னா, ஒரு வாரம் என்னை முறைப்பான், அப்புறம் பசிக்குதும்மான்னு வந்து நிப்பான். மாமியார் பண்ண கொடுமைன்னு சொன்னா, நிஜமான்னு யாரு மறுகேள்வி கேக்கப் போறா? நீயே கேக்கலையேம்மா!"

அக்கா கத்திரியை எடுத்தாள். இந்தத் தடவை காற்றை வெட்டவில்லை.

கொத்துக் கொத்தாக முடி விழ விழ, மருமகள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றாள்.

"சிரிக்காதேடி! அவன் உள்ளே வர்றப்போ நீ அழுதுட்டு இருக்கணும்."