பூட்ஸுக்குக் கீழே

“எதிரி மூஞ்சியில இப்படிப் பால் வடிஞ்சா எப்படி, சிற்பியாரே?”

விழாக் குழு அதிகாரி களிமண் உருவத்தை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிற்பிக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து இதே பாட்டு.

வெண்கலத்தில் வார்ப்பதற்கு முந்தைய மாதிரி அது. மலையை மீட்ட தளபதி துப்பாக்கியோடு நிமிர்ந்து நிற்கிறார். அவருடைய பூட்ஸுக்குக் கீழே எதிரிச் சிப்பாய் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். வெற்றி விழாவன்று ஊர்ச் சதுக்கத்தில் திறக்கப்போகிறார்கள்.

“பாக்கிறவனுக்கு ஆத்திரம் வர வேண்டாமா? பாவமால்ல இருக்கு. பல்லை வெளிய இழுங்க, மூக்கைச் சப்பையாக்குங்க. நம்மாளு மாதிரியே இருக்கான்.”

“அவங்களும் அப்படித்தான் இருப்பாங்க சார். ஆத்துக்கு அந்தப் பக்கம் பொறந்தா மூக்கு மாறிடுமா?”

“இந்த நியாயமெல்லாம் டீக்கடையில பேசுங்க. முகத்தை மாத்துவீங்களா, நான் வேற ஆளைப் பாக்கட்டுமா?”

சொன்னதோடு நிற்கவில்லை மனுஷன். மண் வழிக்கும் மரக்கத்தியை எடுத்துக்கொண்டு, “நானே ஒரு இழுப்பு இழுத்து விடறேன்” என்று குனிந்தார். சிற்பி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர், இப்போது கெஞ்சினார்.

“வேற எதை வேணா மாத்தறேன் சார். தளபதி நெஞ்சை அகலமாக்கித் தரேன். இந்த முகத்தை மட்டும் விட்டுடுங்க.”

“ஒரு எதிரிப் பயலுக்காகவா இப்படி மல்லுக்கட்டறீங்க?”

“அப்ப இவனை நம்ம சிப்பாயாவே ஆக்கிடலாமா? அடிபட்டு விழுந்தவனைத் தளபதி குனிஞ்சு தூக்கற மாதிரி செஞ்சு தரேன்.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நம்மாளு எப்படி விழுவான்? அந்த மலையில நம்ம பக்கம் ஒரு உசிருகூடப் போகலைய்யா. பாடப் புத்தகத்துலயே இருக்கு. என் பொண்ணு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பா.”

சிற்பி கீழே சிந்தியிருந்த களிமண்ணைத் திரட்டி உருட்டினார். பாடப் புத்தகத்தோடு யார் சண்டை போடுவது?

“தளபதி மீசையைப் பெருசாக்கித் தரட்டுமா சார்?” என்றார் களைத்துப்போய்.

அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. “எவ்வளவு பெருசு?”

“காது வரைக்கும் இழுத்துடலாம்.”

“சரி, ஒழியட்டும். மிதிபட்டுக் கிடக்கறவன் மூஞ்சியை எவன் பாக்கப் போறான்?” கத்தியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

கார் சத்தம் ஓய்ந்ததும், கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மனைவி உள்ளே வந்தாள்.

“ஒத்துக்கிட்டாராங்க?”

“ஒத்துக்கிட்டாரு. சதுக்கம் மார்க்கெட்டுக்குப் போற வழிதான். தெனம் பாக்கலாம்.”

அவள் தரையில் உட்கார்ந்து, அந்த மலைக்குச் சண்டை போடப் போய் உடம்பாகக்கூட வீடு திரும்பாத மகனின் கன்னத்தைக் களிமண்ணில் தடவினாள்.

“அந்தப் பூட்ஸை மட்டும் கொஞ்சம் தூக்கி வெச்சிருங்க. புள்ளைக்கு நெஞ்சு வலிக்கும்.”