ஓடுபாதையின் படம்

ஓடுபாதை பெயர்ந்துவிட்டதால் நேற்று விமானங்கள் ரத்தாகின. எல்லோரும் கவுன்டரில் கத்திக்கொண்டிருக்க, தார் தோண்டிக் கிடந்ததைக் கண்ணாடி வழியே படமெடுத்துத் தம்பி தளவாய்க்கு அனுப்பியபோது பூவலிங்கத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஊரில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். கொள்ளி வைக்க மூத்தவன் வர வேண்டும். அவரிடம் முகம் கொடுத்துப் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

இன்று பள்ளத்தை அடைத்துவிட்டார்கள். புதுத் தார் மேல் முதல் விமானம் இறங்குவதைப் பார்த்தபடியே நேற்றைய படத்தை மறுபடி அனுப்பினான். தம்பி உடனே அழைத்தான்.

“இன்னும் சரி பண்ணலியாண்ணே?”

“எங்கடா, தோண்டிப்போட்டது அப்படியே கிடக்கு.”

“பரவாயில்லண்ணே. நீ வராம எடுக்க மாட்டோம். அப்பா முகத்த யாரையும் மூட விடல.”

தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு வந்தது. அவன் போனைப் பொத்திக்கொண்டான்.

“அண்ணே... இப்பக் கூப்பிட்டது உன் பேருதானே?”