நாற்காலியைப் பார்க்கும் பழம்

மாலை வெயில் பால்கனியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், தன் எஞ்சினைவிடக் கனக்கும் தொட்டியைத் தம் பிடித்துத் திருப்பி, கமலா ஆரஞ்சு மரத்தின் ஒரே பழத்தை வெயிலுக்குக் காட்டுகிறார். காலையிலும் திருப்பினார், மதியத்துக்குள் பழம், இறந்துபோன மனைவியின் நாற்காலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “உங்கம்மா வேலைதான். செத்தும் சொன்ன பேச்சு கேக்கமாட்டா,” என்கிறார், வீட்டைக் காலிசெய்து அவரை அழைத்துப்போக வந்த மகளிடம். “நீங்களே திருப்பிட்டு மறந்திருப்பீங்கப்பா. தொட்டியெல்லாம் லாரியில ஏறாது, இங்கயே இருக்கட்டும்.” இருவரும் உள்ளே போய்க் கடைசிப் பெட்டியைக் கட்டிவிட்டுச் சேர்ந்தே பால்கனிக்குத் திரும்புகிறார்கள். பழம் மறுபடி நாற்காலியைப் பார்க்கிறது. தரையில் தொட்டி புதிதாய் உரசிய தடம்கூட இல்லை. மகள் நாற்காலியின் தூசியை உள்ளங்கையால் துடைக்கிறாள். “இத முதல்ல ஏத்தச் சொல்லுங்கப்பா. தொட்டி தானா பின்னாடியே வந்துடும்.”