பச்சை பிளாஸ்க்

மர்மத் தொடர் ஒன்றின் செட்டில் பொருள்களை எடுத்து வைக்கும் அமலதாஸ், தன் பச்சை பிளாஸ்க்கை மூன்று காட்சிகளில் மறந்து வைத்துவிட்டான். பிளாஸ்க் தெரிந்த வீட்டில்தான் அடுத்த கொலை நடக்கிறது, அதைக் கொண்டுவருவது கதையில் வரும் டாக்டர்தான் என்று ரசிகர்கள் இணையத்தில் எழுதிக் குவித்தார்கள். இயக்குநர் மீனலோசனி கூப்பிட்டனுப்பியதும் வேலை போயிற்று என்றே நினைத்தான்.

“தப்புதான் மேடம். அது என்னோட பிளாஸ்க். எடுக்க மறந்துட்டேன்.”

அவள் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள்.

“நாளைக்குக் கடைசி எபிசோட் ஷூட்டிங். கொலை பண்ணது யாருன்னு இதுவரைக்கும் எனக்கே தெரியாது, அமலதாஸ். அந்த டாக்டர் ஏன் பண்ணாராம்? அதையும் எழுதியிருக்காங்களா?”



“பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க மேடம்” என்றபடி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.