ஒற்றைக் காரின் சத்தம்

அந்த மாதிரிக் கார் உலகத்திலேயே ஒன்றுதான். அதைச் செய்து கொடுத்த கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பூங்கோதைக்கு அதைப் பிரிய மனமில்லை. சர்வீஸ் முடித்து அனுப்பும்போதெல்லாம் டேஷ்போர்டு மூடியில் ஒரு ஸ்குரூவை மட்டும் முடுக்காமல் விட்டுவிடுவாள். சில மாதங்களில் கடகடவென்று சத்தம் வரும். காரும் பிறந்த வீட்டுக்கு வருவதுபோல் வந்து நிற்கும்.

இந்த முறையும் உரிமையாளர் செல்வநாயகம், "பழையபடி சத்தம் வருதுங்க" என்று சாவியை நீட்டினார். பூங்கோதை குனிந்து பார்த்தாள். ஸ்குரூவை யாரோ நன்றாக முடுக்கியிருந்தார்கள். மூடியை ஆட்டினாள், துளிச் சத்தம் இல்லை. நிமிர்ந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, பலமாத்தான் வருது" என்றாள். "பத்து நாளாவது இங்கயே இருக்கட்டும்."